விளக்குப் பொறியில் எண்ணிக்கை பாதியாகிவிட்டது: அந்துப்பூச்சிகள் உண்மையிலேயே குறைந்துவிட்டனவா?

கொல்லைப்புறம்

மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் வீட்டுத் தோட்டத்தில் விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்துவருகிறேன். பொறி நானே செய்தது. ஒரு மரப்பெட்டி, அதன் வாயில் இரண்டு அக்ரிலிக் தகடுகள் உள்நோக்கிச் சரிந்து, நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி விட்டு நிற்கும். மேலே விளக்கு, உள்ளே பழைய முட்டை அட்டைகள். விளக்கைச் சுற்றிவரும் பூச்சிகள் தகட்டில் மோதிச் சறுக்கி உள்ளே விழுகின்றன. அட்டைக் குழிகளில் ஒதுங்கி அமர்ந்துவிடுகின்றன. விடிந்ததும் ஒவ்வோர் அட்டையாக எடுத்து எண்ணி, படம் எடுத்து, செடிகளுக்குள் விட்டுவிடுவேன். எதையும் கொல்வதில்லை.

முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு நல்ல இரவுக்கு நாற்பது முதல் அறுபது வரை கிடைக்கும். இந்த ஆண்டு இருபத்தைந்தைத் தாண்டிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நேற்று பதினொன்று. முதல் ஆண்டில் ஆறு முறை வந்த அரளிப் பருந்து அந்து (டாஃப்னிஸ் நெரியை) இந்த ஆண்டு ஒரு முறைகூட வரவில்லை. அந்தப் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த இறக்கையைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். அதனால் கூடுதலாக வலிக்கிறது.

நான் பூச்சிக்கொல்லி எதுவும் அடிப்பதில்லை. செடிகளும் பெரும்பாலும் அதேதான். பூச்சிகள் குறைந்துவருகின்றன என்று எங்கும் படிக்கிறோமே, அதுதான் என் கொல்லைக்கும் வந்துவிட்டதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இராவிழி

முடிவுக்கு வரும் முன் சில கேள்விகள். மூன்று ஆண்டுகளும் ஒரே விளக்குதானா? பொறி ஒரே இடத்தில்தான் இருந்ததா? எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள்? அக்கம்பக்கத்தில் புதிதாக ஏதாவது விளக்கு வந்திருக்கிறதா? நிலவு எந்த நிலையில் இருந்தது என்று குறித்திருக்கிறீர்களா?

ஒவ்வொன்றையும் காரணத்தோடுதான் கேட்கிறேன். முழுநிலவு இரவில் பொறியில் விழுவது குறையும். வானமே வெளிச்சமாக இருக்கும்போது உங்கள் விளக்கு எடுபடாது. மேகம் மூடிய, காற்றில்லாத, புழுக்கமான இரவில் அட்டை நிரம்பிவிடும். நேரமும் முக்கியம். சில இனங்கள் அந்தி மங்கியதும் வந்து போய்விடும். பெரிய பட்டுப்பூச்சிக் குடும்பத்தவை பலவும் பின்னிரவில்தான் வரும். பத்து மணிக்கு அணைத்த இரவையும் விடியும்வரை எரிந்த இரவையும் ஒரே பட்டியலில் வைத்தால் அந்தப் பட்டியல் எதையும் சொல்லாது.

இளந்தளிர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் பொறியே வைக்கவில்லை, வாசலில் விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடிப்படையான ஒரு சந்தேகம். இரவில் வாழும் பூச்சி வெளிச்சத்தைத் தேடி ஏன் வரவேண்டும்? நிலவை வைத்து வழி பார்க்கும் பூச்சி, விளக்கை நிலவு என்று நினைத்து ஏமாறுகிறது என்று பள்ளியில் படித்தேன். அது சரியா?

இராவிழி

நானும் அப்படித்தான் படித்தேன். 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு வேறு விடை சொல்கிறது. அதிவேகக் கேமராக்களால் விளக்கருகே பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்துப் பார்த்தார்கள். அவை விளக்கை நோக்கி நேராகப் பறக்கவில்லை. முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே பறந்தன. இயற்கையில் இரவிலும் தரையைவிட வானமே வெளிச்சமானது. முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினால் எது மேல், எது கீழ் என்பது பூச்சிக்குத் தெரிந்துவிடும், உடல் நிலைகுலையாது. பக்கவாட்டில் ஒரு விளக்கு எரிந்தால் அதையே வானம் என்று கொண்டு உடலைச் சாய்க்கிறது. சாய்ந்தபடி பறப்பதால் வட்டமடிக்கிறது. விளக்குக்கு நேர் மேலே போனால் தலைகீழாகப் புரண்டு கீழே விழுகிறது. வாசல் விளக்கின் கீழே நின்று பொறுமையாகப் பாருங்கள், அந்தப் புரளலை வெறும் கண்ணாலேயே சில நேரம் பிடித்துவிடலாம்.

‘விளக்கில் விழும் விட்டில்’ என்று ஆசையால் அழிபவனுக்கு உவமை சொல்லிவந்தோம். பூச்சிக்கு அங்கே ஆசை எதுவும் இல்லை. அது நேராகப் பறக்கத்தான் முயல்கிறது.

ஒரு பொறி சுற்றிலும் சில பத்து மீட்டர் தொலைவில் இருப்பவற்றைத்தான் பாதிக்கும். ஊரில் உள்ள பூச்சிகளையெல்லாம் அது இழுத்துவிடுவதில்லை.

கொல்லைப்புறம்

இராவிழி ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பிறகு மூன்று குறிப்பேடுகளையும் முதலிலிருந்து படித்தேன்.

இடம் மாறவில்லை, அதே எலுமிச்சை மரத்தடி. நேரமும் மாறவில்லை, அந்தியிலிருந்து விடியும்வரை. சனிக்கிழமை என்று நாள் நிலையாக இருப்பதால் நிலவின் நிலைகள் ஆண்டு முழுவதும் மாறி மாறி வந்திருக்கும். ஆனால் நான் அதைக் குறித்துவைக்கவில்லை. தெருவில் புது விளக்கு எதுவும் வரவில்லை.

விளக்கு மட்டும் மாறியிருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளும் 125 வாட் பாதரச ஆவி விளக்கு. சென்ற ஆண்டு இறுதியில் அது எரிந்துபோனது. மின்சாரம் மிச்சமாகும் என்று புற ஊதா எல்.இ.டி. விளக்குக்கு மாறினேன். அதுவும் பூச்சிகளை இழுப்பதாகத் தெரிந்ததால் வேறுபாடு பெரிதாக இராது என்று எண்ணிவிட்டேன். குறிப்பேட்டின் ஓரத்தில் ‘புது விளக்கு’ என்று இரண்டே சொற்கள் எழுதியிருக்கிறேன். தேதிகூட இல்லை. அந்தப் பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இராவிழி

அந்த இரண்டு சொற்களாவது எழுதினீர்களே, அது பெரிய உதவி. எழுதாமல் விட்டவர்களின் பதிவுகளைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடிவதில்லை.

அந்துப்பூச்சியின் கண் புற ஊதாவையும் நீலத்தையும் பச்சையையும் உணரக்கூடியது. பாதரச விளக்கு இவை எல்லாவற்றையும் அள்ளி வீசும். சிறிய எல்.இ.டி. குறுகிய ஓர் அலைப்பட்டையில் மட்டும், மிகக் குறைந்த ஆற்றலில் எரிகிறது. எல்.இ.டி. மோசம் என்று சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லை, மின்கலத்தில் ஓடும். ஆனால் ஒன்றில் எண்ணியதை மற்றொன்றில் எண்ணியதோடு ஒப்பிட முடியாது. குழல் விளக்கு வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: புற ஊதாக் குழலின் வீச்சு எரிய எரியக் குறைந்துகொண்டே போகும். நம் கண்ணுக்கு அது அப்படியே இருப்பதுபோல்தான் தெரியும்.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். 1933இல் அங்கே விளக்குப் பொறியால் எண்ணத் தொடங்கினார்கள். 1960களிலிருந்து நாடு முழுவதும் அதே வகைப் பொறி, அதே 200 வாட் சாதாரண டங்ஸ்டன் பல்பு. அதைவிட நன்றாகப் பூச்சி பிடிக்கும் விளக்குகள் எத்தனையோ வந்துவிட்டன. இருந்தும் அவர்கள் மாற்றவில்லை. அந்தப் பிடிவாதத்தால்தான், 1968 முதல் 2017 வரையான ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டனின் பெரிய அந்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 33 விழுக்காடு குறைந்தது என்று 2021இல் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நீங்கள் படித்த ‘பூச்சிகள் குறைகின்றன’ என்ற செய்திகளில் உறுதியானவை இப்படி ஒரே விளக்கைக் கட்டிக்காத்தவர்களின் குறிப்பேடுகளிலிருந்து வந்தவைதான்.

வெண்திரை

நான் மாறுபட்ட கருத்துள்ளவன். கோபத்தில் எழுதுவதாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

விடிய விடிய ஒரு பெட்டிக்குள் அடைத்துவைக்கிறோம். பட்டுப்பூச்சிக் குடும்பத்தின் பெரிய அந்துகளுக்கு வளர்ந்த பின் உண்ண வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் ஒரு வாரம்போல வாழ்கின்றன. அதற்குள் துணை தேடி முட்டையிடவேண்டும். அப்படிப்பட்ட ஒன்றின் வாழ்நாளில் ஓர் இரவைப் பறிப்பது சிறிய விஷயமா? காலையில் விடுவித்ததும் பறவைகள் காத்திருந்து கொத்துவதைப் பார்த்திருக்கிறேன். கரிச்சான் இரண்டே நாளில் பொறி இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டது.

நான் பொறியை விட்டுவிட்டு வெள்ளைத் துணிக்கு மாறினேன். துணியைக் கட்டி, முன்னால் விளக்கை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்ப்பேன். பிறகு அணைத்துவிடுவேன். எல்லாம் தாமாகவே பறந்துபோய்விடும். எது எத்தனை மணிக்கு வந்தது, எப்படி இறங்கியது, எந்த நிலையில் இறக்கையை வைத்தது என்பதையெல்லாம் துணியில்தான் பார்க்க முடியும். பெட்டியைத் திறந்து எண்ணுகிறவருக்கு அவை தெரிவதில்லை.

இராவிழி

வெண்திரை சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவுகளில் பொறி வைக்கவே கூடாது. வாரம் ஓர் இரவு போதும். விடியும் முன் எழுந்து பெட்டியின் மேல் துணி போர்த்தி நிழலுக்கு நகர்த்தவேண்டும்; வெயில் ஏறிவிட்டால் உள்ளே வெந்துபோகும். விடுவிக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றி, அடர்ந்த செடிக்குள் அட்டையோடு வைத்துவிட்டால் அவையே இருட்டும்வரை அசையாமல் இருக்கும். காற்றில் உதறிவிடுவதுதான் பறவைக்கு இரை போடுவது. காலையில் எழ முடியாது என்று தெரிந்தால் அன்றிரவு பொறி வைக்கக்கூடாது.

மாறுபடும் இடம் ஒன்று. துணியருகே இருக்கும் நேரம் நம் தூக்கத்தையும் பொறுமையையும் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட ஒரு கணக்கு வேண்டுமென்றால் பெட்டிதான் நிலையானது. பூச்சியை அறிந்துகொள்ளத் துணி, எண்ணிக்கையைத் தொடரப் பெட்டி என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மின்னிணைப்பு

மின்வேலை செய்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. பாதரச விளக்கு கடுமையாகச் சூடேறும். சூடான கண்ணாடியில் ஒரு மழைத்துளி பட்டால் வெடித்துவிடும். மேலே மூடி இல்லாமல் வெளியில் வைக்காதீர்கள். வெளிக்கண்ணாடி உடைந்தும் சில விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது வரும் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் எரித்துவிடும், உடனே அணைத்துவிடுங்கள். எந்தப் புற ஊதா விளக்கையும் நேராகப் பார்க்கக்கூடாது, குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது. தோட்டத்துக்கு இழுக்கும் இணைப்பில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சாதனம் கட்டாயம் இருக்கவேண்டும். பனி விழுந்த புல்லும் ஈரம்தான்.

இளந்தளிர்

பெயர் கண்டுபிடிப்பதில்தான் நான் திணறுகிறேன். வாசலில் வருபவை எல்லாமே பழுப்பாக இருக்கின்றன. கைப்பேசிச் செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்கிறது.

பிறகு, ‘அந்துப்பூச்சி’ சரியா, ‘விட்டில்’ சரியா? இரண்டையும் பார்க்கிறேன்.

புழுக்கூடு

தம்பி, சொல்லை முதலில் பார்ப்போம். அந்து என்பது சேமித்த தானியத்தை அரிக்கும் சிறு பூச்சிக்கு வழங்கிய பெயர். வேளாண்மைத் துறையார் அதை விரித்து முழுக் கூட்டத்துக்கும் அந்துப்பூச்சி என்று வைத்துவிட்டார்கள். விட்டில் அழகான சொல், ஆனால் வெட்டுக்கிளியையும் விட்டில் என்று சொல்லும் வழக்கு உண்டு. பதிவேட்டில் குழப்பம் வரக்கூடாது என்பதால் நான் அந்துப்பூச்சி என்றே எழுதுகிறேன். பேசும்போது விட்டில்தான் வாயில் வருகிறது.

பெயர் காண்பதற்கு நிறத்தில் தொடங்காதீர்கள். உட்காரும் விதத்தைப் பாருங்கள். இறக்கைகளைத் தரையோடு ஒட்டிப் படம் ஒட்டியதுபோல் விரித்துவைத்திருந்தால் பெரும்பாலும் ஜியோமெட்ரிடே குடும்பம். அதன் புழுக்கள்தான் நிலத்தை அளப்பதுபோல் வளைந்து வளைந்து நடப்பவை. தடித்த உடலும் அம்புபோல் பின்னோக்கிய குறுகிய முன் இறக்கையும் இருந்தால் பருந்து அந்து, ஸ்பின்ஜிடே. கூரைபோல் இறக்கையை மடித்துப் பழுப்பாக, திடமாக உட்கார்ந்தால் நாக்டூயிடேயாக இருக்கலாம். நீண்ட கால்களும் முக்கோண வடிவமுமாக, தொட்டதும் புல்லுக்குள் பாயும் சின்னது கிராம்பிடே. கீரைப் பாத்தி வைத்திருந்தால் அந்தக் குடும்பத்தில் ஒன்றை நிச்சயம் பார்ப்பீர்கள்: கரும்பழுப்பு இறக்கையில் குறுக்கே வெள்ளைப் பட்டை. ஸ்போலடியா ரிகர்வாலிஸ் என்று பெயர். கீரை இலையைச் சுருட்டித் தின்னும் புழு அதனுடையதுதான்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலோ கட்டம் போட்ட தாளோ இருக்கட்டும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முன் இறக்கையின் நீளம் மில்லிமீட்டரில் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். செயலி சொல்லும் பெயரை விடை என்று எடுத்துக்கொள்ளாமல் தேடத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். சில இனங்களை இனப்பெருக்க உறுப்பை நுண்நோக்கியில் பார்த்தால்தான் பிரிக்கவே முடியும். உயிரோடு விடுகிற நாம் அங்கே பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிற்கவேண்டும். ‘நாக்டூயிடே, ஒன்று, தேய்ந்த இறக்கை’ என்று எழுதுவது நேர்மையான பதிவு. தவறான முழுப்பெயரை நுழைத்தால் அதைப் பின்னால் யாரும் திருத்தப்போவதில்லை.

கொல்லைப்புறம் அவர்களுக்கு ஒன்று. விளக்குக்கு வருபவற்றில் பெரும்பாலும் ஆண்களே அதிகம். முட்டை சுமந்த பெண் அவ்வளவாகப் பறப்பதில்லை. அதனால் உங்கள் அட்டையில் இருப்பது தோட்டத்தில் இருப்பதன் ஒரு பக்கம்தான். அரளிப் பருந்து அந்து வரவில்லை என்று வருந்துகிறீர்கள். அரளி இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

கொல்லைப்புறம்

அரளிச் செடி என்னிடம் இல்லை, அம்மா. பக்கத்து வீட்டில் பெரிதாக ஒன்று இருந்தது. இந்த ஆண்டின் தொடக்கத்தில் மதில் கட்டும்போது வெட்டிவிட்டார்கள். அது போனதால்தான் பூச்சியும் போய்விட்டது என்று தோன்றுகிறது.

புழுக்கூடு

அவ்வளவு விரைவில் தீர்ப்பெழுத வேண்டாம். அது கண்டம் விட்டுக் கண்டம் வலசை போகும் பூச்சி. ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து ஐரோப்பாவின் வடக்கு வரை போகிறது. ஒரு செடி போனதற்காக ஒரு வட்டாரத்தையே விட்டுவிடாது. அதன் புழு நந்தியாவட்டை இலையையும் நித்தியகல்யாணி இலையையும் தின்னும். அவை உங்களிடம் இருக்கின்றனவா?

இராவிழி

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன 2024 ஆய்வில், விளக்குக்கு முதுகைத் திருப்பாமல் அதன் மேலேயே நேராகப் பறந்துபோன விதிவிலக்குகள் சில இருந்தன. அவற்றில் ஒன்று டாஃப்னிஸ் நெரியை. உங்கள் அரளிப் பருந்து அந்துவேதான். மற்ற இனங்களைப்போல் அது விளக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பழைய பெரிய விளக்குக்கு ஆறு முறை வந்ததே நல்வாய்ப்பு. அதற்கு எதிரே பூஜ்யம் என்று எழுதினால் அந்தப் பூஜ்யத்தின் எடை மிகவும் குறைவு.

மொத்த எண்ணிக்கைக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய வகை விளக்கு ஒன்று கிடைத்தால் இரண்டையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இரவில் இரண்டையும் வைத்தால் ஒன்று மற்றொன்றின் பூச்சியைப் பறித்துவிடும். வாரத்தில் மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு இரவுகள். எந்த விளக்கு முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். அந்தி வேளை வெப்பம், காற்று, மேகம், மழை, நிலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றுமே விழாத இரவையும் எழுதுங்கள். வெறும் இரவை எழுதாமல் விடுவது எல்லோரும் செய்கிற தவறு, பிறகு நல்ல இரவுகள் மட்டுமே பதிவில் நிற்கும்.

கொல்லைப்புறம்

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய பாதரச விளக்கு ஒன்றை ஒரு நண்பர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மின்னிணைப்பு சொன்ன மூடியும் துண்டிப்பானும் போட்ட பிறகே எரியவிட்டேன். எட்டு இணைகள், பதினாறு இரவுகள். இரண்டு இரவுகள் மழையில் கெட்டன. அவற்றையும் இணையோடு நீக்கினேன், ஆனால் பதிவில் வைத்திருக்கிறேன். மீதி ஆறு இணைகளில் பாதரச விளக்குக்கு 38, 51, 29, 44, 47, 33. எல்.இ.டி.க்கு 17, 22, 19, 20, 26, 12. ஒரே ஒரு வாரம்கூட எல்.இ.டி. முந்தவில்லை. பாதரச விளக்கில் வரும் எண்கள் முதல் இரண்டு ஆண்டுகளின் எண்களைப் பெரும்பாலும் ஒட்டியே நிற்கின்றன. என் ‘சரிவு’ பெரும்பாலும் விளக்கின் சரிவுதான்.

இனி எல்.இ.டி.யையே நிலையாக வைத்துக்கொள்ளப்போகிறேன். பாதரச விளக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. குறிப்பேட்டில் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே புதிய தொடராக எழுதத் தொடங்கிவிட்டேன். வெண்திரை சொன்னதற்காக மாதம் ஒரு முறை துணியும் கட்டுகிறேன்.

வெண்திரை

பதினாறு இரவுகளுக்காக அந்தப் பூச்சிகளிடம் நான் இன்னும் வருந்துகிறேன். ஆனாலும் நீங்கள் இதைச் செய்த முறைக்கு மதிப்புத் தருகிறேன். துணியருகே முதல் இரவில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.

இளந்தளிர்

நானும் தொடங்கிவிட்டேன், முதல் இரவில் ஒன்பது. ஐந்துக்குக் குடும்பம் வரை வந்துவிட்டேன், நான்கை ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். பொதுத்தளத்தில் பதிவிடும்போது வீட்டின் சரியான இடம் தெரிந்துவிடுமோ?

இராவிழி

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தை மங்கலாகக் காட்டும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். சரியான இடம் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும்.

கொல்லைப்புறம்

புழுக்கூடு அம்மா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னிடம் நந்தியாவட்டை இருக்கிறது, கிணற்றுப் பக்கம், பொறியிலிருந்து பதினைந்து அடி தொலைவில். இன்று காலை கீழே எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் நடுக்கிளையில் விரல் தடிமனில் பச்சைப் புழு. வாலில் சிறு கொம்பு. தொட்டதும் தலையை உள்ளிழுத்து முன்பக்கத்தை உப்பியது, நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொய்க்கண்கள் என்னை விழித்துப் பார்த்தன. இரண்டு கிளைகள் தள்ளி இன்னொன்று. அது பழுப்பேறத் தொடங்கியிருந்தது, கூட்டுப்புழுவாக இறங்கப்போகிறது என்று நினைக்கிறேன். அடியில் இருக்கும் சருகைக் கூட்டவேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நேற்றிரவு இதே தோட்டத்தில் விளக்கு விடிய விடிய எரிந்தது. பொறிப் பத்தியில் டாஃப்னிஸ் நெரியைக்கு நேரே 0 என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ‘இலையில் கண்டது’ என்று புதிய பத்தி ஒன்றுக்குக் கோடு கிழித்து, அதில் 2.